டீச்சரின் கட்டைவிரல் மடங்குகிற அளவு

பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில், பாத்திமா சந்து என்கிற சந்தில், ஒரு வீட்டுக் கதவுகூட ஒன்றரைச் சாணுக்கு மேல் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்த அந்தக் காலையில், எமரென்சியா டீச்சர் தன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டு, கட்டைவிரலைப் பிடித்து மேலே மடக்கப் பார்த்து, அது கொஞ்சம்போல மடங்கி அப்புறம் கல்லாக நின்றுவிட, "உனக்கு என்னடி கேடு?" என்று அந்த விரலிடமே கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே தெருவே தன் கதவுகளிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பால் பாக்கெட்டுகள் வாசலில் கிடந்தன, கதவு இடுக்கு வழியாகக் கைகள் வந்து துழாவின, எதிர்வீட்டு அருளப்பனின் வயிறு மட்டும் வெளியே வந்துவிட்டு மிச்ச அருளப்பனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அருளப்பன் பூட்டுக்கடை வைத்திருப்பவர், தெரு நலச்சங்கத் தலைவர், எந்த இடத்துக்கும் வயிறு முதலில் போய்ச் சேருகிற ஆள். அவரை நாலு பேர் உள்ளிருந்து தள்ளினார்கள், வெளியிலிருந்து ரெண்டு பேர் இழுத்தார்கள். அவர் வெளியே வந்து விழுந்த அதே கணத்தில் டீச்சர் வீட்டுக்குள்ளிருந்து "ஐயோ, மாதாவே!" என்று ஒரு அலறல் கேட்டது. அதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், கல்யாணம் கட்டாதவர், ரிட்டையர் ஆக ஒரு வருஷம் பாக்கி, பூசைக்குப் போகும்போதுகூடக் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு போகிறவர். அவர் வீட்டிலிருந்து சத்தம் வருவது தெருவுக்குப் பழகிப்போன விஷயம்.

கதவு திறக்காததற்குத் தெரு முதலில் மழையைத் திட்டியது, மரம் ஊறிப்போச்சு என்றது. இரும்புக் கதவும் திறக்கவில்லையே என்றதும் காத்தமுத்து ஆசாரியைத் திட்டியது. ஆசாரி பாவம், உளியும் இழைப்புளியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் கதவை இழைத்தார், கீலுக்கு எண்ணெய் விட்டார், கீலையே மாற்றினார், ஒரு வீட்டில் கதவைக் கழற்றிவிட்டு ஷட்டர் போட்டுப் பார்த்தார், அந்த ஷட்டரும் ஒன்றரைச் சாண் மேலே ஏறி நின்றுகொண்டது. பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார். பக்கவாட்டில் நுழைந்தார், பக்கவாட்டில் வெளியே போனார், பேய் வேலை மாதிரித் தெரியவில்லை என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் டீச்சர் வீட்டு வாசல் கதவுக்கு ஆசாரி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, விரல்வலி பொறுக்காமல் டீச்சர் ஒரு பேசினில் வெந்நீர் ஊற்றி, கல்லுப்புப் போட்டு, காலை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் போனது. கதவு ஆசாரியின் கையில் சிணுங்கிவிட்டு இன்னும் ஒரு அரைச்சாண் திறந்தது.

"டீச்சர், காலை வெளிய எடுங்க," என்றார் ஆசாரி.

எடுத்தார். ஆறியதும் கதவு இறுகியது.

"திரும்ப வைங்க."

வைத்தார். கதவு இளகியது. ஆசாரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார், மூலைமட்டத்தை எடுத்தார், கதவு நிலையிலிருந்து எத்தனை டிகிரி விலகுகிறது என்று அளந்தார், அப்புறம் கொஞ்சமும் கூச்சப்படாமல் டீச்சரின் காலடியில் குந்தி, பேசினுக்குள் விரல் எத்தனை டிகிரி எழும்புகிறது என்று அளந்தார். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தன. "தெருவோட கீலு உங்க கால்ல இருக்கு டீச்சர்," என்று சொல்லிவிட்டு, மூலைமட்டத்தைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, பசிக்கிறது என்று சாப்பிடப் போய்விட்டார்.

இப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. தெரு ஆச்சரியப்பட்டதா என்றால் இல்லை, ஆச்சரியப்பட அதற்கு நேரமில்லை, உள்ளே போகவேண்டிய பீரோவும் வெளியே வரவேண்டிய பழைய மெத்தையும் ஏகப்பட்டது கிடந்தது. அந்தக் கட்டைவிரல் எப்படிக் கெட்டது என்பதும் தெருவுக்கு நன்றாகவே தெரியும். டீச்சர் கேட்டவர்களிடமெல்லாம் இளவயதில் கோகோ விளையாடியபோது பட்ட அடி என்பார். கோகோவாவது ஒன்றாவது! தெருவே காதால் கேட்ட உதை அது.

பல வருஷத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். வீடு ஒன்று, அதில் பாதி டீச்சருக்கு, பாதி தங்கை தெக்லாவுக்கு, நடுவில் ஒரு கதவு. அம்மா செத்துப்போய் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த அன்று, அம்மா படுத்திருந்த தேக்குக் கட்டில் யாருக்கு என்று பேச்சு வந்தது. "நீ வச்சுக்கக்கா," என்றாள் தெக்லா. "எனக்கெதுக்கு, நீ வச்சுக்க," என்றார் டீச்சர். "நீதான மூத்தவ." "நீதான அம்மாவைப் பாத்துக்கிட்ட." இப்படிப் பிரியத்தில் ஆரம்பித்த பேச்சு, வெயில் தாழ்வதற்குள், "அப்ப நான் கட்டிலுக்கு ஆசைப்பட்டுத்தான் அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளுனேன்னு சொல்றியா?" என்பதில் வந்து நின்றது. தெக்லா நடுக்கதவை அறைந்து சாத்தினாள். டீச்சர் அந்தக் கதவை வலது காலால் ஓங்கி ஒரு உதை விட்டார். இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் விழுந்தது. வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது, பேச்சு மட்டும் அதற்கப்புறம் இல்லவே இல்லை. கட்டில் தெக்லா பக்கமே தங்கிவிட்டது, அவளும் அதில் ஒருநாளும் படுக்கவில்லை, தேய்க்காத துணியைக் குவித்து வைக்கத்தான் அது பயன்பட்டது.

இப்போது அந்த விரல் பொதுச்சொத்தாகிவிட்டது. காலையில் வெந்நீர் கொண்டுவருவதற்கு வீட்டுக்கு வீடு முறை வைத்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் "யூரிக் ஆசிட்" என்று சொல்லிவிட, சங்கம் கூடி டீச்சருக்கு மட்டன், ஈரல், நெத்திலி எல்லாவற்றையும் தடை செய்தது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாசனை தெருவெல்லாம் அடிக்க, டீச்சர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டு தெருவையே சபித்தார். இரத்தம் எடுத்துப் பார்த்தால் யூரிக் ஆசிட் ஒழுங்காகத்தான் இருந்தது. "தின்னாத பிரியாணிக்கெல்லாம் யாருடா பதில் சொல்றது?" என்று அவர் சங்கத் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார். அருளப்பன் அதற்கப்புறம் வாராவாரம் ஒரு தூக்குவாளி அனுப்ப வேண்டியதாயிற்று, அதுவும் நெஞ்செலும்போடு.

டீச்சருக்கும் குறும்பு வந்துவிட்டது, சும்மா சொல்லக்கூடாது. வெந்நீர் ஆறிப்போய் வந்தால் தரையில் குந்திக் கோலம் போட உட்காருவார், குந்தினால் விரல் வீங்கும், வீங்கினால் வெந்நீர் கொண்டுவந்தவளே தன் வீட்டுக்குள் போக முடியாது. எவனாவது டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தால் நுனிக்காலில் நின்று மின்விசிறியைத் துடைப்பார். ஆனால் அதற்குப் பதில் சொல்லத் தெருவிடமும் ஆயுதம் இருந்தது. கதவு விரலுக்குக் கட்டுப்பட்டது போலவே விரலும் கதவுக்குக் கட்டுப்பட்டிருந்தது. யாராவது கதவை அழுத்தித் தள்ளினால் பள்ளி மைதானத்தில் டீச்சர் ஒற்றைக் காலில் குதிப்பார். அருளப்பன் வயிற்றை எக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிற நேரமெல்லாம் ஏழாம் வகுப்பு டிரில் பாதியில் நின்றது.

இதில் பெரிய சிக்கல் சம்மனசு தாத்தாவுக்கு வந்தது. அவர் சாகக் கிடந்தவர். சாகிறவர்களுக்குச் சாமியார் எண்ணெய் பூசுகிற அவஸ்தைப் பூசுதல் வாங்கி, சொந்தபந்தம் எல்லாருக்கும் போய்வருகிறேன் சொல்லி, பழைய கடுப்புகளையெல்லாம் மன்னித்துவிட்டு, தயாராகப் படுத்திருந்தார். அப்போதுதான் கதவு விஷயத்தைக் கேள்விப்பட்டார். "சவப்பெட்டி வெளிய வராதுல்ல?" என்றார். வராது என்றார்கள். "என்னைச் சாய்ச்சு, பக்கவாட்டுல, பீரோ மாதிரியெல்லாம் தூக்கிட்டுப் போகக் கூடாது. கதவு திறக்கட்டும், அதுவரை இருக்கேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்து ஆட்டுக்கால் சூப் கேட்டார். மன்னித்தவர்களில் ரெண்டு பேரை மன்னிக்கவில்லை என்றும் சொல்லிவிட்டார்.

சங்கம் கூடி டீச்சரை எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனது. டாக்டர் இளஞ்சேரன் சின்ன வயசு, பொறுமைசாலி. அறை முழுக்கத் தெரு நின்றது.

"பழைய அடி ஏதாவது பட்டிருக்கா?" என்றார்.

"கோகோ," என்றார் டீச்சர். பின்னால் ஒரே இருமல்.

டாக்டர் விரலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார், உடனே அருளப்பனின் போன் அடித்தது, தெருவிலிருந்து யாரோ "எவன்டா கதவையெல்லாம் ஆட்டுறது?" என்று கத்தினார்கள். டாக்டர் அதையும் கேட்டுக்கொண்டார், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். "இந்த மூட்டுல ரெண்டு எலும்பு முனைக்கும் மேல வழவழன்னு குருத்தெலும்பு இருக்கணும். அது தேஞ்சுபோச்சு. தேஞ்ச இடத்துல உடம்பு பதறிப்போய் கூடுதலா எலும்பு வளத்து வச்சிருக்கு. விரலுக்கு மேல இந்த மேடு தெரியுதா? நடக்கிறப்ப விரல் மேல மடங்கணும், மடங்கப் போனா இது வந்து முட்டுது."

"நிலையில ஆப்பு முட்டுற மாதிரி," என்றார் காத்தமுத்து ஆசாரி.

"அதேதான்," என்றார் டாக்டர். பிறகு டீச்சரின் செருப்பைக் கையில் எடுத்தார். தெருவே சேர்ந்து வாங்கிக் கொடுத்த, கடையில் இருந்ததிலேயே மெத்தென்ற செருப்பு. அதை டாக்டர் தோசை மாதிரி ரெண்டாக மடித்துக் காட்டினார். "இது மடங்கினா விரலும் மடங்கும். விரல் மடங்கினா வலிக்கும். உங்களுக்கு வேண்டியது மடங்காத அடி." வாங்கிக் கொடுத்தவர்களெல்லாம் சுவரைப் பார்த்தார்கள்.

முன்பக்கம் படகு போல வளைந்த, கெட்டி அடி வைத்த ஷூ வந்தது. டீச்சருக்கு அது பெரிய ஆறுதல், கால் உருண்டு போனது, மூட்டு மடங்க வேண்டியிருக்கவில்லை, பல மாதம் மைதானத்தைச் சுற்றி வந்தார். தெருவுக்கோ ஏமாற்றம், வலி குறைந்ததே தவிரக் கதவு இம்மிகூடக் கூடுதலாகத் திறக்கவில்லை. அப்புறம் மூட்டில் ஒரு ஊசி போட்டார்கள். அது வேலை செய்த சில வாரங்களில் கதவுகள் தாராளமாகத் திறக்க, தெருவில் அவசர அவசரமாக ஒரு கல்யாணத்தையே முடித்தார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு ஜோடியாக வாசலில் நுழைந்ததைப் பார்த்துக் கிழவிகள் அழுதார்கள். ஊசியின் வேலை தீர்ந்தது, வலி வட்டியோடு திரும்பியது. ஷூவுக்குள்ளும் வலித்தது, படுத்தாலும் வலித்தது, போர்வை பட்டாலே வலித்தது.

"எலும்பு மேட்டை மட்டும் சீவி எடுக்கிறது ஆரம்பத்துல வந்திருந்தா போதும். இப்ப மூட்டே முழுசாத் தேஞ்சு போச்சு," என்றார் டாக்டர். "ரெண்டு எலும்பையும் சேத்து, தகடு வச்சு, திருகாணி போட்டு ஒண்ணாக்கிடலாம். வலி போயிரும், நடக்கலாம், படி ஏறலாம். ஆனா அந்த மூட்டு அதுக்கப்புறம் எப்பவும் அசையாது."

எப்பவும் அசையாது! அந்த வார்த்தை டீச்சர் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் சந்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாதா சிலை நிற்கிற சின்னக் கல்குகையான கெபிக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். விரலை எந்த நிலையில் திருகாணி போட்டு நிறுத்துகிறாரோ அந்த நிலையில் கதவுகள் ஆயுசுக்கும் நிற்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எந்த நிலை என்பதில்தான் அடிதடி. "மூடுனபடி நிறுத்தச் சொல்லுங்க, பூட்டு ஊருல திறந்த கதவா, கேவலம்!" என்றார் அருளப்பன். "மூடியே இருந்தா நீ எப்படிப்பா உள்ள போவ?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் தன் வயிற்றைப் பார்த்தார், யோசித்தார், "அப்ப தொண்ணூறு டிகிரி," என்றார். மலைக்காற்று வேண்டும் என்பவர்கள் அறுபது என்றார்கள், வயசுப்பிள்ளை வைத்திருப்பவர்கள் பத்துக்கு மேல் கூடாது என்றார்கள். சம்மனசு தாத்தா ஆளனுப்பி, பெட்டியின் அகலத்தைத் தெரியப்படுத்தினார். ஆசாரி தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்ட, ஆளாளுக்கு அதன்மேல் ஏறி நின்று கத்தினார்கள்.

டீச்சர் விசிலை எடுத்து ஊதினார். ஏழாம் வகுப்பு அடங்குகிற மாதிரித் தெரு அடங்கியது.

"கதவு திறக்குதா, கதவு திறக்குதான்னு கேட்டீங்க. உங்கள்ல யாராச்சும் ஒருத்தர், வலிக்குதா டீச்சர்னு கேட்டீங்களா?" குரல் உடைந்துவிட்டது, அதைச் சரிசெய்ய அவர் முயலவும் இல்லை. "வலிக்குது. எனக்கு வலிக்குது. இதோட ரிட்டையர் ஆகி, இதோட வீட்ல கெடந்து, இதோட சாகணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா? நான் ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். கதவு எப்படி நின்னாலும் நிக்கட்டும்."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தெக்லா, அக்காவைப் பார்க்காமல், பக்கத்தில் நின்றவளிடம், "அவங்க காலு, அவங்க இஷ்டம்," என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

அப்படியும் ஒரு குழு மூலைமட்டத்தோடு டாக்டரைப் பார்க்கப் போனது, பேரம் பேசாமல் இருந்தால் அது பாத்திமா சந்தா? "அறுபது போட முடியாதா டாக்டர்?" என்றார் அருளப்பன். "விரல் ஆகாசத்தைப் பாக்கும், எந்த ஷூவும் நுழையாது," என்றார் டாக்டர். "நாப்பது?" "கொஞ்சமாத்தான் தூக்கி வைக்கணும், நடக்கிறதுக்கு எது தோதோ அதுதான்." அது சுமார் ஒரு சாண் இடுக்கு என்று ஆசாரி கணக்குப் போட்டார். பிறகு தொழில்காரன் தொழில்காரனிடம் கேட்கிற தொனியில், "திருகாணி போடறதுக்கு முந்தி, ஒரு நேரமாச்சும் மூட்டு நல்லா லூசாகுமா?" என்றார்.

டாக்டர் யோசித்தார். "ஆகும். முட்டுற எலும்பைச் சீவி, ரெண்டு முனையையும் தேய்ச்சு எடுத்தப்புறம், விரல் தாராளமா ஆடும். கொஞ்ச நேரம். அப்புறம் நிறுத்தித் திருகிருவேன்."

ஆசாரிக்கு அது போதுமாக இருந்தது. ஆபரேஷன் அன்று காலை தெரு எப்படி இருந்தது தெரியுமா? வாசலுக்கு வாசல் பிரிட்ஜும் பீரோவும் வாஷிங் மெஷினும் ஆள் தோளில் ஏறத் தயாராக நின்றன, சம்மனசு தாத்தா வேஷ்டி மாற்றி, பவுடர் போட்டு, நாற்காலியில் காத்திருந்தார். எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் இருக்கக் கூடாது, இருந்தால் டீச்சர் விரலுக்கு ஆபத்து என்று ஆசாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டீச்சர் ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் நடுக்கதவிடம் போனார். துருவேறிய தாழ்ப்பாளை, வேண்டுமென்றே, சத்தம் கேட்கிற மாதிரி இழுத்தார். அந்தப் பக்கமிருந்தும் ஒரு சத்தம் வந்தது. இரண்டு பேரும் கதவைத் திறக்கவில்லை.

கணுக்காலுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள், டீச்சருக்கு நினைவு நன்றாக இருந்தது. முட்டிக்குக் கீழே திரை கட்டியிருந்தது. நர்ஸ் ஒரு போனை அவர் காதருகே பிடித்துக்கொண்டிருந்தாள், மறுமுனையில் சந்தின் நடுவில் ஆசாரி. கரகரவென்று எலும்பு சீவுகிற சத்தம் கேட்டது. பிறகு டாக்டர், "ம், இப்ப ஆடுது," என்றார்.

"இளகிருச்சு ஆசாரி!" என்று டீச்சர் கத்தினார்.

போனுக்குள் ஒரு தெருவே திறந்தது. படார் படார் என்று கதவுகள் சுவரில் மோதின, இழு, தள்ளு, ஏய் பார்த்து, சாய்க்காத, கால் போச்சு, தூக்குடா என்று நூறு குரல் கேட்டது, பீரோ தரையில் இழுபடுகிற கிறீச்சும், ஏதோ கண்ணாடி உடைவதும், அருளப்பன் நேராக, முகத்தை முன்னால் வைத்து, ராஜா மாதிரித் தன் வீட்டுக்குள் போய், அந்தச் சுகத்துக்காகவே திரும்ப வெளியே வந்து மறுபடி போவதும், எல்லாம் கேட்டது. "தாத்தா வெளிய வந்துட்டாரு டீச்சர்! கெபிகிட்ட உக்காந்துட்டாரு!" என்றார் ஆசாரி. டீச்சர் சிரித்தார், ஆபரேஷன் மேசையில் படுத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அசையாதீங்கம்மா," என்றார் டாக்டர். "இப்ப இறக்கி நிறுத்தப் போறேன்." விரலைக் கீழே அழுத்தினார். "இறங்க மாட்டேங்குதே. மேலயே நிக்குது." திரும்ப அழுத்தினார். "எல்லாத்தையும் சீவிட்டேன், என்ன முட்டுது? ரத்தத்தை நிறுத்தக் கால்ல இறுக்கியிருக்கிற கட்டு ரொம்ப நேரம் இருக்கக் கூடாதும்மா."

"ஆசாரி!" என்றார் டீச்சர். "எந்தக் கதவு சாத்தலை? பாருங்க!"

ஆசாரி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "உங்க வீட்டு நடுக்கதவு டீச்சர். கட்டில் குறுக்க மாட்டிக்கிச்சு. பாதி உங்க பக்கம், பாதி அந்தம்மா பக்கம். கதவு சாத்த வழியில்லை."

பின்னாலிருந்து தெக்லாவின் குரல் வந்தது. "கட்டிலைக் குடுக்கிறதா நெனச்சுக்க வேணாம்னு சொல்லுங்க ஆசாரி. என் பக்கம் இடத்தை அடைக்குது, அதான் தள்ளுனேன்."

"நான் கேக்கலைன்னு சொல்லுங்க," என்றார் டீச்சர், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப இழுத்துக்கிறேன்னு சொல்லுங்க."

"இழுத்துக்கட்டும்!"

"இழுத்தா அம்மா கட்டிலை அமுக்கி வச்சிருக்கேன்னு ஊரு பேசும். இழுக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"யாராச்சும் ஒருத்தர் எடுத்துக்கங்கம்மா!" என்று டாக்டர் இளஞ்சேரன் கத்தினார், பொறுமைசாலி என்று பேரெடுத்தவர். "இப்படியே திருகிட்டேன்னா ஆயுசுக்கும் விரல் மேல பாத்துக்கிட்டே நிக்கும்!"

டீச்சர் கண்ணை மூடினார். விரல் கூரையைப் பார்த்து நிற்க, எந்த ஷூவும் நுழையாமல், மைதானம் போகாமல் மிச்ச நாளைக் கழிப்பது தெரிந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் தெரிந்தது. அம்மா மூச்சு நின்ற சாயங்காலம் அவர் மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மதுரையில் இருந்தார், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டிலோரம் இருந்தது தெக்லா. தனக்கு அந்தக் கட்டில்மேல் பாத்தியதை இல்லை என்றுதான் வேண்டாம் வேண்டாம் என்றார். அவ்வளவு ஆசையாக இருந்ததால்தான் அந்த உதையும் அவ்வளவு பலமாக விழுந்தது.

"ஸ்பீக்கர்ல போடுங்க ஆசாரி," என்றார். "தெக்லா. ஏய், தெக்லா. எனக்கு வேணும்டி. அம்மா கட்டில் எனக்கு வேணும். அன்னைக்கே வேணும்னுதான் இருந்துச்சு. என் பக்கம் தள்ளு."

போனில் பீரோக்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்குகிற சத்தம் கேட்டது, தெரு காதைத் தீட்டிக்கொண்டது.

"இதைக் கேக்க உனக்கு இத்தனை வருஷமா?" என்றாள் தெக்லா. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு "பிடிங்க ஆசாரி, நிலைப்படியில கால் மாட்டுது, தூக்குங்க," என்றாள். மரம் மரத்தில் உரசியது, ஒரு பெரிய தடால்.

"இறங்கிருச்சு," என்றார் டாக்டர்.

எலும்பு கூடும்வரை கனத்த பூட்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு, காலை உயரத் தூக்கி வைத்து, டீச்சர் வீட்டில் கிடந்தார். தெருவின் கதவுகள் ஒரு சாண் இடுக்கோடு நின்றன, திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. ஒல்லியானவர்கள் சும்மா போனார்கள், மற்றவர்கள் மூச்சை வெளியே விட்டுவிட்டுப் போனார்கள். அருளப்பன் வாராவாரம் பிரியாணி தின்பதை நிறுத்தினார், டீச்சருக்கு அனுப்புவதை நிறுத்த அவருக்குத் தைரியம் வரவில்லை. மூடாத கதவுக்கென்று சங்கிலி வைத்த பூட்டு ஒன்றைச் செய்து அவர் விற்க, வெளியூரிலிருந்தெல்லாம் வந்து வாங்கினார்கள், எதற்கு என்று அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சம்மனசு தாத்தாவுக்குக் கெபிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். வெளியே வந்தாயிற்று, இனி அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கிழுத்துக்கொண்டு அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். வெளியிலிருந்து கதவைத் தள்ளினால் இப்போது டீச்சருக்கு ஒன்றும் ஆவதில்லை, திருகாணி அப்படி.

வீடு வந்த முதல் நாள் மத்தியானம், அம்மாவின் கட்டிலில் தேய்த்து விரித்திருந்த புதுத் துப்பட்டியின்மேல் டீச்சர் படுத்திருந்தபோது, நடுக்கதவு இடுக்கு வழியாக முதலில் மீன்குழம்பு வாசனை வந்தது, அப்புறம் ஒரு தட்டு வந்தது, அப்புறம் தெக்லாவின் தோள் வந்தது. இடுப்பில் வந்து மாட்டிக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு தள்ளு தள்ளப் போனவள், சட்டென்று நிறுத்தி, கதவைப் பிடித்தபடியே கேட்டாள்.

"வலிக்குதாக்கா?"

டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "இல்லடி," என்றார். "நீ வா."

வந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். "தள்ளிப் படு, நடுவுல படுத்துக்கிட்டு," என்று அக்காவின் பூட்ஸை இடிக்காமல் ஏறிப் பக்கத்தில் சாய்ந்தாள். கட்டில் தாராளமாக இரண்டு பேருக்குக் கண்டது. தலையணைதான் ஒன்று.

"நீ வச்சுக்கக்கா," என்றாள் தெக்லா.

"எனக்கெதுக்கு, நீ வச்சு..."

பாத்திமா சந்து முழுக்க, மூட முடியாத கதவுகளுக்குப் பின்னால், கையில் எடுத்த சோற்றுக் கவளம் அப்படியே நின்றது. ஆசாரி உளியைக் கீழே வைத்தார்.

டீச்சர் தலையணையைப் பிடித்து இழுத்துத் தன் தலைக்கடியில் வைத்துக்கொண்டார். "எனக்குத்தான் வேணும், குடு," என்றார்.

எதிர்வீட்டு இடுக்கிலிருந்து அருளப்பன் "அப்பாடா" என்று சொன்னது இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்டது.